பதினேழாவது கோடு

ஷூ டப்பா ஒன்றில் வந்து சேர்ந்தன.
ஆப்ரி கொரெய்யாவின் தங்கை மகன்
கொருக்குப்பேட்டை கேட்டில் முக்கால் மணி நேரம் நின்ற எரிச்சலோடு
"மாமா உங்க பேர எழுதி வச்சிருந்தார் ஆன்ட்டி" என்றான்.
தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
மூடிமேல் வல்லி என்று ஆங்கிலத்தில்,
எப்போதும்போல ஓர் எல் குறைவாக.

உள்ளே நான்கு பேனா, ஒரு பென்சில்.

கோடு இழுக்கும் பேனா முதலில்:
கொக்கின் அலகு மாதிரி இரண்டு இரும்புத் தகடு,
நடுவில் ஒரு திருகு.
எண்ணூர் லாரி கம்பெனியில்
வாரமெல்லாம் இதைப் பிடித்து
வண்டியை நிறுத்துவது எப்படி என்று வரைந்தவர்
ஞாயிறானால் சோழவரத்தில்
நிறுத்தாமல் போவது எப்படி என்று பார்த்தார்.

இன்னொன்றில் ரப்பர் பை பிசினாக உருகியிருந்தது.
அதற்கடுத்ததற்கு மூடி மட்டும்தான்.

கறுப்பு எபொனைட் பேனாவை
லாரித் தண்ணீரில் ஊறப் போட்டேன்.
ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஒரு நூல், நீலமாக.
பிறகு டம்ளர் முழுக்க.
மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம்.
மோந்து பார்த்தேன்.
விளக்கெண்ணெய்.

ரேஸ் இஞ்சினில் அதைத்தான் ஊற்றுவார்கள் அப்போது.
பள்ளிக்கூட லீவில் வயிறு கழுவ
எங்கள் மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே சனியன்
அங்கே புகையாகி, கொஞ்சம் இனித்து,
ஓடுபாதை முழுக்க மணத்துக் கிடக்கும்.
இப்போது என் சமையலறையில்
ரசத்துக்கும் குக்கருக்கும் நடுவே
ஒன்பதாம் நம்பர் வண்டி ஒரு முறை தாண்டிப் போயிற்று.

நான் சுற்று எண்ணுகிறவள்.
ஐ.சி.எஃப். கணக்குப் பிரிவில் கூட்டல் தப்பாத பெண் என்று
யாரோ சொல்லிக் கூட்டிப்போனார்கள்.
மடக்கு நாற்காலி, அட்டை, பென்சில்.
வண்டி தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு.
இருபது சுற்று.
பதினாறு வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.
அப்புறம் ஓடுபாதையில் ஓர் ஆடு.
குட்டியோடு.
எல்லோரும் கத்தினோம். ஆடு போய்விட்டது.

கடைசியில் ஒன்பதுக்குப் பத்தொன்பது கோடு.
இரண்டாவதாக வந்தவர் ஐந்தாவது ஆனார்.

ஆட்சேபணைக்கு அரை மணி அவகாசம்,
ஐம்பது ரூபாய் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும்.
ஆப்ரி வந்தார். முகமெல்லாம் கரி,
கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக.
அட்டையை வாங்கி விரல் வைத்து எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
சட்டைப் பையில் பேனா இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது,
இதே கறுப்புப் பேனா.
"பென்சில் குடுங்க மிஸ்" என்றார்.
கொடுத்தேன்.
காதில் செருகிக்கொண்டு
டிரெய்லர் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பென்சில்தான் இது.
அப்புறம் சீவவே இல்லை.
அடியில் என் பல் தடம்,
ஆட்டைப் பார்த்துக் கடித்ததோ, அதற்கும் முன்னதோ.
நாற்பத்தாறு வருஷமாக
மறதியாக எடுத்துப் போனார் என்றிருந்தேன்.
சாட்சிக்கா வைத்திருந்தார், என்னைக் காப்பாற்றவா,
சும்மாவா?
போங்க ஆப்ரி, ஒரு வரி எழுதியிருக்கலாம்.
நாலு பேனா இருந்ததே உங்களிடம்.

மசி நிரப்பி எழுதிப் பார்த்தேன்.
காகிதத்தைக் கீறியது, எழுதவில்லை.
நிப் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது,
கட்டைவிரல் உடைந்து கோணலாகக் கூடிய பிறகு
அவர் பிடித்த பிடிக்கு.
என் விரலையும் அப்படி மடக்கி
வளைவில் ஸ்டியரிங்கை இழுக்கிற மாதிரி சாய்த்தேன்.
வந்தது.
கரண்ட் பில் அட்டையின் பின்பக்கம் ஒரு கோடு.
இன்னும் மூன்று. குறுக்கே ஒன்று.

வெளியே கேட் மறுபடி மூடியிருந்தது.
துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ்.
ஆட்டோக்காரர்கள் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள்.
பழக்க தோஷம், பெட்டி எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு.
நடுவில் குக்கர் விசில் அடித்தது.
ஐம்பத்தொன்பதாகவும் இருக்கலாம்.